எட்டா... பத்தா? வாத்தியாரின் பேனா முனையில் ஒரு கட்-ஆஃப்!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட். வெள்ளிமலை போகிற பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து கல்வராயன் மலை ஏறப்போகிற வண்டி. காய்கறி மூட்டை, சிமென்ட் சாக்கு, ஸ்கூல் பை எல்லாம் ஒரே சீட்டுக்கு அடிபோடும்.

இந்த பஸ்ஸில் இரண்டு பையன்களை நாம் கற்பனையாக ஏற்றிவிடுவோம். ஒருவன் அண்ணாமலை. மலைக்காரப் பையன், மேலே ஸ்கூல். இன்னொருவன் சுரேஷ். கீழே, டவுனில் படிக்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே மூளை, ஒரே உழைப்பு, பரீட்சைப் பேப்பரில் ஒரே மார்க். (கதைக்காகத்தான் சார்! நிஜத்தில் அப்படி ஜோடி கிடைக்காது.) வித்தியாசம் ஒன்றே ஒன்று. அண்ணாமலையின் வாத்தியார் கறார். 'இன்டர்னல்' மார்க் பத்துக்கு எட்டு போட்டார். சுரேஷின் வாத்தியார் தாராளம். பத்துக்குப் பத்து.

ரெண்டே ரெண்டு மார்க். இதில் என்ன வந்துவிடப்போகிறது என்கிறீர்களா? கணக்கைப் பாருங்கள். பேனா, பேப்பர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் பேனாவாக இருந்தாலும் பரவாயில்லை.

பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மார்க். பிராக்டிகல் உள்ள பாடம் என்றால் எழுத்துத் தேர்வு 70, பிராக்டிகல் 20, அகமதிப்பீடு என்கிற இன்டர்னல் 10. பிராக்டிகல் இல்லாத பாடம் என்றால் எழுத்துத் தேர்வு 90, இன்டர்னல் 10. இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. இப்போது கூட்டுங்கள். கணக்கில் ஸ்கூல் கையில் இருப்பது 10. பிசிக்ஸில் 30, அதைப் பாதியாக்கினால் 15. கெமிஸ்ட்ரியிலும் 15. ஆக மொத்தம் 200-ல் 40 மார்க், மார்ச் மாதப் பரீட்சை ஹாலுக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது!

அண்ணாமலைக்குக் கணக்கில் 2 போச்சு, பிசிக்ஸில் 1 போச்சு, கெமிஸ்ட்ரியில் 1 போச்சு. கட்-ஆஃபில் 4 மார்க் சுரேஷைவிடக் கம்மி. அரை மார்க்குக்கே ரேங்க் வழுக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் நாலு மார்க்!

சரி, அந்தப் பத்து மார்க்கை எதை வைத்துப் போடுகிறார்கள்? வருகைப்பதிவுக்கு 2, உள்நிலைத் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் இந்த வகையறாவுக்கு 2, இணைச் செயல்பாடுகளுக்கு 2. வருகை 80 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் முழுசாக 2. 75-லிருந்து 80-க்குள் என்றால் 1. அதற்குக் கீழே போனால் முட்டை.

இந்த வருகை சமாசாரத்தை டவுனில் உட்கார்ந்து படித்தால் 'நியாயம்தானே' என்று தோன்றும். மலையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். (கேரள மலையாளி இல்லை. மலையை ஆண்டவர்கள் என்ற அர்த்தத்தில் மலையாளி. பேசுவது சுத்தமான தமிழ்.) 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. இன்றைக்கும் மரவள்ளி, சாமை, கடுக்காய் என்று பிழைப்பு. சீசன் வந்தால் கேரளா, கர்நாடகா பக்கம் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு. அப்பா அம்மா போனால் பிள்ளை தனியாக இருந்து ஸ்கூலுக்குப் போக வேண்டும், அல்லது கூடவே போக வேண்டும். கூடப் போனால் வருகைப்பதிவில் அடி. பையன் படிப்பில் புலியாகவே இருக்கட்டும், அந்த 2 மார்க் மிளகுக் கொடியில் தொங்குகிறது.

*

இனி வாத்தியார் பக்கம் வருவோம். பாவம், அவர் நிலைமையையும் யோசிக்க வேண்டாமா?

ஒரு ஸ்டாஃப் ரூம். மார்க் லிஸ்ட் திறந்திருக்கிறது. பேனா எட்டுக்கு மேல் தயங்கி நிற்கிறது.

"ஏன் சார் எட்டு? பத்தே போட்ருங்களேன்."

"ஒப்படைவே வைக்கல சார் அவன். எப்படிப் போடறது?"

"பக்கத்து ஸ்கூல்ல எல்லாருக்கும் பத்தாம் சார். நம்ம புள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

இந்த உரையாடல் என் கற்பனைதான். ஆனால் உங்களில் யாராவது வாத்தியார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் சிரித்திருப்பீர்கள். எட்டு போடுகிற வாத்தியாருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் பையனுக்கு. நேர்மைக்கு அபராதம் போட்டு, அதை இன்னொருத்தன் தலையில் கட்டினால் எந்த மனுஷன் நேர்மையாக இருப்பான்? பத்து போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

எல்லோரும் பத்து போட்டால் என்ன ஆகும்? அந்தப் பத்துக்கு மதிப்பே போய்விடும். எல்லோர் கையிலும் இருக்கும் மார்க் யாரையும் மேலேயும் ஏற்றாது, கீழேயும் இறக்காது. அப்புறம் அது ஒரே ஒரு வேலைதான் செய்யும். எங்கேயோ ஒரு மூலையில் ஒரு வாத்தியார் எட்டு போட்டிருந்தால், அவருடைய பிள்ளைகளைத் தேடிப்பிடித்து உதைக்கும்!

நம் தமிழ்நாட்டில் இதற்கு ஒரே ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. எழுத்துத் தேர்வில் குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும். 70-க்கு எழுதினால் 15, 90-க்கு எழுதினால் 25. பிராக்டிகலும் இன்டர்னலும் முழுசாக வைத்துக்கொண்டு பேப்பரில் கோட்டை விட்டால் பாஸ் கிடையாது. பத்தாம் வகுப்பு சயின்ஸிலும் அப்படித்தான். எழுத்தில் 75-க்கு 20, செய்முறையில் 25-க்கு 15. ஆனால் இது பாஸ், ஃபெயில் கோட்டில் நிற்கிறவர்களுக்கான சுவர். மேலே கட்-ஆஃபுக்கு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தச் சுவரால் பிரயோஜனம் இல்லை. ஸ்கூல் போட்ட மார்க், பேப்பர் திருத்திய மார்க், இரண்டையும் கூட்டிவிடுகிறோம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்வதே இல்லை.

சி.பி.எஸ்.இ. 2024-ல் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தது. தியரி மார்க்கையும் பிராக்டிகல் மார்க்கையும் கம்ப்யூட்டரை விட்டு ஒப்பிட்டதில், சுமார் 500 பள்ளிகளில் பாதி மாணவர்களுக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ சில பாடங்களில் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். 'இன்டர்னல் மார்க் போடும் முறையைச் சரிபாருங்கள்' என்று அந்தப் பள்ளிகளுக்கு அறிவுரை போனது.

*

ஆபீஸ் போகிறவர்களுக்கு இது புது விஷயமே அல்ல. வருஷா வருஷம் அப்ரைசல் என்று ஒரு சடங்கு நடக்கிறதே, ஞாபகம் வருகிறதா? உங்கள் மேனேஜர் நல்லவர். டீமில் பத்துப் பேருக்கும் 'அவுட்ஸ்டாண்டிங்' போட்டு அனுப்புவார். மேலே எச்.ஆரில் ஒரு புண்ணியவான் உட்கார்ந்து, 'அதெப்படி ஒரே டீமில் பத்து மேதைகள்?' என்று மணி மாதிரி ஒரு கோடு போட்டு, அதற்குள் உங்களை அடைத்துவிடுவார். பக்கத்து டீம் மேனேஜர் சிடுமூஞ்சி. அவர் போட்ட 'ஆவரேஜ்' சிலது ஒரு படி மேலே ஏறும். இதற்கு 'நார்மலைஸேஷன்' என்று பெயர். உங்களுக்கு இன்க்ரிமென்ட் போனால் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பீர்கள், அதை இங்கே அச்சடிக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் இதையே ஒழுங்காகச் செய்கிற ஊர் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். அங்கே பன்னிரண்டாம் வகுப்புக்கு எச்.எஸ்.சி. என்று பரீட்சை. இறுதி மார்க்கில் பாதி பொதுத்தேர்வு, பாதி ஸ்கூல் மதிப்பீடு. நம் ஊர் 10 மார்க்குக்கே இந்தப் பாடு, அங்கே பாதிக்குப் பாதி! ஆனால் ஸ்கூல் அனுப்புகிற மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஸ்கூலின் பிள்ளைகள் பொதுத்தேர்வில் என்ன வாங்கினார்களோ, அதை அளவுகோலாக வைத்து ஸ்கூல் மார்க்கைத் திருத்துகிறார்கள்.

எப்படி என்று கேளுங்கள். ஒரு குட்டி வகுப்பு. மூன்றே பேர். மலர், முத்து, மணி. டீச்சர் போட்ட மார்க் மலருக்கு 60, முத்துவுக்கு 50, மணிக்கு 40. பொதுத்தேர்வில் நடந்ததோ வேறு. மணி 75 வாங்கிவிட்டான், மலர் 65, முத்து 40. வகுப்பின் சராசரி 60.

இப்போது டீச்சரின் மார்க்கை நீட்டி நிமிர்த்துகிறார்கள். டீச்சர் முதலிடம் தந்த பிள்ளைக்கு, வகுப்பு பரீட்சையில் எடுத்த உச்ச மார்க். கடைசி இடத்துக்கு, வகுப்பின் கடைசி மார்க். சராசரி அதே 60. ஆக, மலரின் ஸ்கூல் மார்க் 75 ஆகிறது, முத்துவுக்கு 65, மணிக்கு 40. கவனித்தீர்களா? வரிசை மாறவில்லை. அது டீச்சர் போட்டது. மாறியது அளவு மட்டும். அதன் பிறகு இதில் பாதி, சொந்தமாக எழுதிய பரீட்சையில் பாதி. மலர் 70, மணி 57.5, முத்து 52.5.

சொத்து எவ்வளவு என்பதைப் பரீட்சை சொல்கிறது. அதை யார் யாருக்கு எப்படிப் பங்கு பிரிப்பது என்பதை டீச்சர் சொல்கிறார். அவ்வளவுதான் சூட்சுமம்.

இதில் தாராள வாத்தியாரின் பருப்பு வேகாது. எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு அனுப்பினால், எல்லோருக்கும் வகுப்புச் சராசரிதான் திரும்பி வரும். நன்றாகப் படிக்கிற பையனின் அப்பா முதல் ஆளாக வந்து சண்டை போடுவார், 'ஏன் சார் எல்லாருக்கும் நூறு போட்டீங்க?' என்று! கறார் வாத்தியாருக்கும் பயமில்லை. எட்டு போட்டாலும் ஆறு போட்டாலும், பிள்ளைகள் பரீட்சையில் எழுதிக் காட்டினால் அளவு தானாக மேலே ஏறிவிடும். ஆக, ஸ்டாஃப் ரூமில் தயங்கிய அந்தப் பேனா தயங்க வேண்டியதே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மலையில் ஒரு பாடத்துக்கு ஏழெட்டுப் பேர் இருக்கிற வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை அன்று ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மொத்த வகுப்பின் சராசரியும் சரியும். சின்னக் கூட்டத்தில் ஒருத்தன் தும்மினால் எல்லோருக்கும் ஜலதோஷம்.

*

இதெல்லாம் பரீட்சை என்று ஒன்று நடந்தால். பரீட்சையே நடக்காவிட்டால்? கொரோனா வந்தது. ஸ்கூல் மார்க்கை எதனோடு ஒப்பிடுவது என்று உலகமே விழித்தது.

நம் ஊரில் 2020 மார்ச் 27-ல் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பரீட்சை ஜூன் 1-க்குத் தள்ளிப்போய், ஜூன் 15-க்குத் தள்ளிப்போய், ஜூன் 9 அன்று ரத்தே ஆனது. காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவிகிதம், வருகைப்பதிவிலிருந்து 20 சதவிகிதம் என்று கணக்குப் போட்டு, ஆகஸ்ட் 10-ம் தேதி ரிசல்ட். 9 லட்சத்து 39 ஆயிரத்து 829 பேரும் பாஸ்!

இதில் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு தனி வேடிக்கை. காலாண்டுத் தேர்வு எழுதியபோது அவர்கள் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டதால், அரையாண்டு எழுதியபோது வேறு மாவட்டம். ஒரே மார்க் ஷீட்டுக்கு இரண்டு மாவட்டத்துப் பரீட்சை!

வேடிக்கை இருக்கட்டும். காலாண்டு, அரையாண்டுப் பேப்பரைத் திருத்தியவர்கள் அவரவர் ஸ்கூல் வாத்தியார்கள். காலாண்டில் யாராவது கை நிறைய மார்க் போடுவார்களா? 'இப்பவே எண்பது போட்டா அப்புறம் படிக்க மாட்டான்' என்று கையை இறுக்கிப் பிடிப்பதுதானே நம் வாத்தியார்களின் தர்மம். பையன் பயந்து படிக்கட்டும் என்று போட்ட 52, அவன் நிரந்தர மார்க் ஆகிப்போனது. இன்னொரு பக்கம், பெற்றோரைக் குளிரவைக்கத் தாராளமாகப் போட்ட மார்க்கும் நிரந்தரம் ஆனது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த, அளவுகோல் என்று எதுவும் இல்லை.

ரிசல்ட் அன்று இன்னொரு கேள்வியும் கிளம்பியது. பதிவு செய்தவர்கள் 9,45,077. மீதி 5,248 பேர் எங்கே? கல்வித்துறை விளக்கம் தந்தது. 231 பேர் இறந்துபோனவர்கள். 658 பேர் பாதியில் நின்றவர்கள். 4,359 பேர் காலாண்டு, அரையாண்டு இரண்டுமே எழுத வராதவர்கள். அந்த 4,359 பேரில் பலர், 'எப்படியும் மார்ச்சில் எழுதி பாஸ் பண்ணிக்கலாம்' என்று நினைத்திருக்கக்கூடியவர்கள்தானே? மார்ச் வரவே இல்லை.

அடுத்த வருஷம், 2021. பத்தாம் வகுப்புக்கு 'ஆல் பாஸ்'. மார்க்கே கிடையாது, வெறும் 'தேர்ச்சி'. பிளஸ் டூவுக்கு அப்படி விட முடியாதே, காலேஜ் அட்மிஷன் இருக்கிறதே! ஜூன் 5-ல் பரீட்சையை ரத்து செய்துவிட்டு, அதே மாதக் கடைசியில் ஒரு ஃபார்முலா அறிவித்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவிகிதம். பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20 சதவிகிதம். பிளஸ் டூ பிராக்டிகல், இன்டர்னலிலிருந்து 30 சதவிகிதம். பிராக்டிகல் இல்லாத பாடத்துக்கு? இன்டர்னல் 10 மார்க்கை 30 ஆகப் பெருக்கிக்கொள்ள வேண்டியது.

நம் அண்ணாமலையையும் சுரேஷையும் மறுபடி கூப்பிடுவோம். இருவருக்கும் பத்தாவதில் நல்ல மூன்று பாடங்கள் 90, 82, 80. சராசரி 84. பாதி 42. பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வில் இருவருமே எல்லாப் பாடத்திலும் பாதி மார்க், அதற்கு 10. பிராக்டிகலில் இருவருக்கும் முழுசாக 20. பிசிக்ஸில் அண்ணாமலைக்கு 42, 10, 20, அப்புறம் இன்டர்னல் 8. மொத்தம் 80. சுரேஷுக்கு 82. கெமிஸ்ட்ரியும் அதே. கணக்குக்கு வாருங்கள். பிராக்டிகல் இல்லாத பாடம். அண்ணாமலையின் 8, 24 ஆகிறது. மொத்தம் 76. சுரேஷின் 10, 30 ஆகிறது. மொத்தம் 82.

கட்-ஆஃப் அண்ணாமலைக்கு 156. சுரேஷுக்கு 164. சாதாரண வருஷத்தில் நாலு மார்க் பள்ளம், 2021-ல் எட்டு மார்க் பள்ளமாகிவிட்டது. பேனா முனை அதேதான். வாத்தியார் அந்த எட்டைப் போடும்போது, அது மூன்றால் பெருக்கப்படும் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஃபார்முலாவில் ஒரு நல்ல குணம் இருந்தது. பத்தாவதும் பிளஸ் ஒன்னும் மாநிலம் முழுக்க ஒரே கேள்வித்தாள், வெளியாட்கள் திருத்தியது. அதாவது 70 மார்க் ஸ்கூல் கைக்கு எட்டாதது. பிடிக்காதவர்கள் ஆகஸ்டில் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு கதவையும் திறந்துவைத்தார்கள். ஜூலை 19-ம் தேதி 8 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ரிசல்ட் வந்தது. மார்க்கைப் புள்ளி வைத்து, தசமத்தில் கொடுத்தார்கள்.

இன்னொரு விஷயம். 2018 மார்ச்சில் முதல்முதலாக நடந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் 2021 போல இன்னொரு வருஷம் வந்தால் கைகொடுக்க அந்த 20 சதவிகிதம் இருக்காது.

*

அதே 2021-ல் சி.பி.எஸ்.இ. வேறு வழியில் போனது. பத்தாவதிலிருந்து 30, பதினொன்றிலிருந்து 30, பன்னிரண்டாவதின் ஸ்கூல் தேர்வுகளிலிருந்து 40. ஸ்கூல்கள் அள்ளிவிடாமல் இருக்க ஒரு கடிவாளம் போட்டார்கள். முந்தைய மூன்று வருஷங்களில் அந்த ஸ்கூல் நன்றாகச் செய்த வருஷத்தை எடுத்துக்கொள். பாடவாரியாக அதற்கு ஐந்து மார்க் மேலே, ஐந்து மார்க் கீழே, அந்த வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். எல்லாப் பாடங்களின் மொத்த சராசரி, அந்த வருஷத்தை இரண்டு மார்க்குக்கு மேல் தாண்டக் கூடாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்கூலின் ஜாதகத்தை வைத்துப் பையனின் எதிர்காலத்தைக் கணிக்கிற வேலை இது. போன வருஷம் ஸ்கூல் சுமார் என்றால், இந்த வருஷம் அங்கே ஒரு ராமானுஜன் உட்கார்ந்திருந்தாலும் மொத்த வகுப்பையும் அந்தப் பழைய வேலிக்குள்ளேயே அடக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இதே ஜாதகக் கணக்கு 2020-ல் வெடித்தது. அங்கே ஏ-லெவல் பரீட்சை ரத்து. 'ஆஃப்க்வால்' என்கிற தேர்வுக் கண்காணிப்பு அமைப்பு, ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளை ஒரு கம்ப்யூட்டர் சூத்திரத்தில் போட்டது. ஸ்கூலின் பழைய வருஷத்து ரிசல்ட்தான் சூத்திரத்தின் முதுகெலும்பு. ஆகஸ்ட் 13-ல் ரிசல்ட் வந்தபோது, ஆசிரியர்கள் கொடுத்ததில் சுமார் 39 சதவிகித கிரேடுகள் கீழே இறங்கியிருந்தன. இதில் இன்னொரு கூத்து. ஒரு பாடத்தில் ஐந்து பேரோ அதற்குக் குறைவோ இருந்தால் சூத்திரம் தொடாது, ஆசிரியர் போட்டதே செல்லும். சின்னச் சின்ன வகுப்புகள் எங்கே அதிகம்? பணக்காரத் தனியார் பள்ளிகளில்! பிள்ளைகள் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். நாலே நாளில், ஆகஸ்ட் 17-ல் அரசாங்கம் பின்வாங்கி, ஆசிரியர் போட்ட கிரேடையே கொடுத்துவிட்டது. அந்த வருஷமே நடந்த பரீட்சையோடு ஒப்பிடுவது வேறு, அண்ணன் அக்காக்கள் எழுதிய பரீட்சையோடு ஒப்பிடுவது வேறு. முதலாவதில் நீங்களே எழுதிக் காட்டலாம். இரண்டாவதில் உங்களுக்குப் பேச்சே கிடையாது.

'சரிசெய்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு கூட்டம் கூட்டமாக மார்க்கைத் தள்ளுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று இலங்கைத் தமிழர்களைக் கேட்டால் தெரியும். 'தரப்படுத்தல்' என்ற சொல்லே அவர்களுக்கு ஆறாத காயம். 1971-ல் மருத்துவப் படிப்புக்குத் தமிழ் மொழி மாணவருக்கு 250 மார்க் வேண்டும், சிங்கள மொழி மாணவருக்கு 229 போதும். பொறியியலுக்கு 250, 227. அதற்குப் பின் நடந்த சரித்திரத்தை இந்தப் பக்கத்தில் சுருக்க முடியாது.

நம் ஊரிலும் ஒரு நார்மலைஸேஷன் சத்தமில்லாமல் நடக்கிறது. நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, 2007-ல் நடைமுறைக்கு வந்த தொழிற்கல்விச் சேர்க்கைச் சட்டத்தில் அது இருக்கிறது. வெவ்வேறு போர்டில் படித்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்த வேண்டுமே! ஸ்டேட் போர்டில் பிசிக்ஸ் முதல் மார்க் 100, வேறொரு போர்டில் முதல் மார்க் 90 என்றால், அந்த 90-ஐ 100 என்று வைத்துக்கொள்வார்கள். அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 ஆகும். ஆக, போர்டுக்கும் போர்டுக்கும் நடுவே சமன் செய்ய நமக்குச் சட்டம் இருக்கிறது. வெள்ளிமலை ஸ்கூலுக்கும் டவுன் ஸ்கூலுக்கும் நடுவே, வாத்தியார் பேனாவுக்கும் வாத்தியார் பேனாவுக்கும் நடுவே சமன் செய்யத்தான் ஒன்றும் இல்லை.

*

'படிப்பு முடிஞ்சு வேலைக்கும் வந்தாச்சு, இனி எனக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டப்போகிறவர்களுக்கு ஒரு சமாசாரம். தபால் துறையில் கிராமின் டாக் சேவக் என்று ஒரு வேலை. கிளைத் தபால் நிலையங்களில். மலைக்கிராமத்துப் பையனுக்குச் சொந்த மலையிலேயே மாதச் சம்பளம். இதற்குப் பரீட்சை கிடையாது, இன்டர்வியூ கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க் மட்டும்தான். அதை வைத்து மெரிட் லிஸ்ட். பத்தாவதுக்கு மேல் நீங்கள் டிகிரி வாங்கியிருந்தாலும், இரண்டு டிகிரி வாங்கியிருந்தாலும் அந்த லிஸ்ட்டில் ஒரு சுழியும் கூடாது.

2019-ல் பத்தாவது முடித்த அண்ணன் மாநிலப் பொதுத்தேர்வு எழுதி வாங்கிய மார்க்கோடு வருவான். 2020-ல் முடித்த தம்பி, தன் ஸ்கூல் வாத்தியார் 'படிக்கட்டும்' என்று இறுக்கிப் போட்ட அரையாண்டு மார்க்கோடும், மிளகு சீசனில் ஓட்டை விழுந்த வருகைப்பதிவோடும் வருவான். 2021-ல் முடித்த கடைக்குட்டியின் சர்டிபிகேட்டில் மார்க்கே இல்லை. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று தராசு.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், மார்க் குறைந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் விடைத்தாள் நகல் கேட்கலாம். மறுகூட்டல் கேட்கலாம். மறுமதிப்பீடு கேட்கலாம். ஒவ்வொரு வருஷமும் மே மாதம் ஸ்கூல் வாசலில், இன்டர்நெட் சென்டர் வாசலில் இதற்காகப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மார்க், அரை மார்க்குக்காக.

அண்ணாமலை அந்த வரிசையில் நின்று பிரயோஜனமில்லை. எழுதிய பேப்பரில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. அவனுக்குப் போன நாலு மார்க், இன்டர்னல் கட்டத்தில் போனது. அதற்கு நகல் எடுக்க விடைத்தாள் எதுவும் கிடையாது. வெள்ளிமலை பஸ் புறப்படுகிறது, ஏறிக்கொள்ளப்பா.